கெளுத்திக்கு ஒரு மதிப்பெண்

ஏப்ரல் 15, செவ்வாய்

இன்று முதல் அறுபத்தொரு நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் எல்லாம் துறைமுகத்தில் கட்டிக் கிடக்கின்றன. தூத்துக்குடியிலேயே பிறந்து வளர்ந்தும் அறுபத்தொன்பது வயது வரை மீனை நாக்கில் வைக்காதவன் நான். இதில் எனக்கு லாபமும் இல்லை, நட்டமும் இல்லை என்றுதான் காலையில் நினைத்தேன். பத்து மணிக்கு அதிசயமணி வந்து அந்த நினைப்பைக் கெடுத்தார்.

அதிசயமணி எங்கள் மூத்த குடிமக்கள் மன்றத்தின் செயலாளர். தடைக்காலத்தில் வேலை இல்லாத வீடுகளிலிருந்து மன்றத்துக்குக் கூட்டம் வருமாம். புதன்தோறும் சாயங்காலம் மீன் வினாடி வினா வைக்கப் போகிறாராம். கேள்வி கேட்பதற்கு நான் வேண்டுமாம்.

"மணி, நான் தாவரவியல் வாத்தியார். செடியைப் பத்திக் கேளும், சொல்லுதேன்."

"அதுக்குத்தான் சார் உங்கள்ட்ட வந்தேன். போன வருசம் நடத்துன ஆளு, சீலா மீனு கொண்டாந்து குடுத்த அணிக்கு அஞ்சு மார்க்கு கூடப் போட்டுட்டாரு. மண்டபமே ரெண்டாப் போச்சு. மீனே திங்காத ஆளு நம்மள்ல நீங்க ஒருத்தர்தான். யார் பக்கமும் சாய மாட்டிய."

முடியாது என்றேன். அவர் பெயர்ப் பட்டியலை நீட்டினார். வாங்கிப் பார்த்தேன். சரி, செய்கிறேன் என்றேன். பட்டியலில் இருந்த பெயர்களுக்கும் நான் ஒப்புக்கொண்டதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை.

ஏப்ரல் 16, புதன்

நூலகத்தில் மீன் புத்தகம் இரண்டு எடுத்து வந்தேன். ஒன்று பெரியது, ஒன்று சின்னது. அட்டைப் படத்தைப் பார்த்ததற்கே என் மனைவி ஆவுடை மூக்கைப் பொத்திக்கொண்டாள். பூஜை அறைப் பக்கம் கொண்டுபோகக் கூடாது என்று உத்தரவு.

ஏப்ரல் 19, சனி

மூன்று நாளாக வேறு எதுவும் படிக்கவில்லை. செய்தித்தாள் பிரிக்காமல் கிடக்கிறது.

கெளுத்தி மீனுக்கு நாக்கில் மட்டும் ருசி தெரிவதில்லை, உடம்பு முழுக்கத் தெரியுமாம். வாலில் கூட! சுறாவுக்கு எலும்பே கிடையாது, எல்லாம் குருத்தெலும்பு. கிளிமீன் பவளப்பாறையைக் கடித்துத் தின்று மணலாகக் கழிக்கிறது. சில மீன்கள் பெண்ணாக வளர்ந்து பிறகு ஆணாக மாறுகின்றன. இதையெல்லாம் வைத்துக்கொண்டு இந்தக் கடல் என் வீட்டிலிருந்து இரண்டு கிலோமீட்டரில் கிடந்திருக்கிறது. நானோ தெருமுனையில் மீன் கூடையைக் கண்டால் மூச்சைப் பிடித்துக்கொண்டு நடந்திருக்கிறேன். என்ன ஜென்மம் நான் என்று இருக்கிறது.

ஏப்ரல் 23, புதன்

முதல் கூட்டம். நாற்பது பேருக்குக் குறையாது. இடப்பக்கம் ஓர் அணி, வலப்பக்கம் ஓர் அணி. கரும்பலகையில் நானே கோடு போட்டேன். நேராக வந்தது.

கிளிமீன் கேள்விக்கு விடை சொன்னதும் அதிசயமணி எழுந்துவிட்டார். "அப்ப நாம தெனம் காலைல நடக்கது மீன் பீயிலயா சார்?" மண்டபம் சிரித்து அடங்க ஐந்து நிமிடம் ஆனது.

இடப்பக்க அணியில் எமரன்சி அம்மாள் இருந்தார். திரேஸ்புரத்துக்காரர். நாற்பது வருடம் மார்க்கெட்டில் மீன் விற்றவர். முதல் ஆறு கேள்விகளில் ஐந்துக்கு அவரே விடை சொன்னார். ஒரே பக்கம் இரண்டு கண்ணும் உள்ள மீன் எது என்று கேட்டேன். நான் கேள்வியை முடிக்கு முன்பே "நாக்கு மீனு" என்றார். அது குஞ்சாக இருக்கும்போது பக்கத்துக்கு ஒரு கண்தான், வளர வளர ஒரு கண் நகர்ந்து மறுபக்கம் வந்துவிடும் என்று புத்தகத்தில் படித்ததைச் சொன்னேன். எல்லாரும் வாயைப் பிளந்தார்கள். அவர் மட்டும் யோசித்துவிட்டுக் கேட்டார்:

"ஏன் சார், கண்ணு நகந்து வாரப்ப அதுக்கு வலிக்குமா?"

எனக்குத் தெரியவில்லை. அடுத்த கேள்விக்குப் போய்விட்டேன்.

நாட்குறிப்பில் பொய் எழுதக் கூடாது. எமரன்சி அம்மாளை எனக்கு முன்பே தெரியும். என் மகள் வடிவு, பதினோரு வருடம் முன்பு இவருடைய மகன் கிளாட்வினைக் கல்யாணம் செய்துகொண்டாள். அவன் விசைப்படகு எஞ்சின் மெக்கானிக். நாங்கள் சைவம், அவர்கள் கடல்காரர்கள், மாதா கோயிலுக்குப் போகிற வேதக்காரர்கள். இந்த அம்மாள் பத்திரிகை வைக்க எங்கள் வீட்டுக்கு வந்தார். நான் கேட்டைத் திறக்கவில்லை. கல்யாணத்துக்குப் போகவில்லை. அன்றிலிருந்து மகளோடு பேச்சில்லை. அவள் இதே ஊரில், நாலு பஸ் நிறுத்தம் தள்ளி இருக்கிறாள்.

அந்தக் கதை முடிந்தது. முப்பத்துநாலு வருட வேலையில் போட்ட மார்க்கை நான் ஒரு தடவைகூடத் திருத்தியதில்லை. எந்தப் பையன் எவ்வளவு அழுதாலும் சரி.

ஏப்ரல் 29, செவ்வாய்

ஆவுடை செவ்வாய்தோறும் சிவன் கோயிலுக்குப் போகிறாள். மூன்று மணிக்குப் போனால் ஆறு மணிக்கு வருகிறாள். நெற்றியில் திருநீறுதான் இருப்பதில்லை. வியர்வையில் அழிந்துவிடும் என்கிறாள். இந்த வெயிலுக்கு அழியத்தான் செய்யும்.

வந்ததும் கேட்டாள், "நாளைக்கு என்ன கேக்கப் போறிய? மீனுக்குத் தாகம் எடுக்குமான்னு கேளுங்களேன்."

"உனக்கு எப்படி இந்தக் கேள்வி?"

"கோயில்ல ஒரு சின்னப் பிள்ள கேட்டுச்சு."

நல்ல கேள்வி. கெட்டிக்காரப் பிள்ளையாக இருக்க வேண்டும்.

ஏப்ரல் 30, புதன்

கோயில் பிள்ளையின் கேள்வியைக் கேட்டேன். இரண்டு அணிகளும் தோற்றன. கடல் மீன் தண்ணீர் குடித்துக்கொண்டே இருக்கும், உப்பு அதன் உடம்பிலிருந்து நீரை இழுத்துவிடுவதால். ஆற்று மீன் குடிப்பதே இல்லை எனலாம். தண்ணீர் தானே உள்ளே வந்துவிடும். கடலில் இருப்பதற்குத்தான் தாகம் என்றேன்.

எமரன்சி அம்மாள் தனக்குள் சிரித்துக்கொண்டார். "இதத்தான் எங்க வீட்லயும் ஒருத்தி ஒரு வாரமா கேட்டுக்கிட்டே கெடக்கா."

பிள்ளைகள் எல்லா வீட்டிலும் ஒரே மாதிரிதான் கேட்கும்போல.

மே 6, செவ்வாய்

இன்று ஆவுடை கோயிலிலிருந்து வருவதற்குள் நாலு தடவை வாசலுக்குப் போய்ப் பார்த்தேன். இந்த வாரக் கேள்வி: மீன் தூங்கும்போது கண்ணை மூடாதே, அப்படியென்றால் அது தூங்குகிறது என்று மற்ற மீனுக்கு எப்படித் தெரியும்? பெரிய புத்தகத்தில் தேடினேன், சின்னதில் தேடினேன், இல்லை. இந்தப் பிள்ளையை நான் வகுப்பில் வைத்திருந்தால் மற்றவர்களுக்குப் பாடம் நடத்த நேரம் இருந்திருக்காது.

சோறு போடும்போது ஆவுடை சொன்னாள். "அந்தப் பிள்ள குடும்பம் கொச்சிக்குப் போவுதாம். படகு கட்டுத எடத்துல அப்பாவுக்கு வேல கெடச்சிருக்காம். இனிமே அங்கனதான்."

எந்தப் பிள்ளை குடும்பம் எங்கே போனால் எனக்கென்ன என்று கேட்டேன். கொஞ்ச நேரம் கழித்து, என்றைக்கு என்று கேட்டேன்.

"இருவத்தொம்பதாம் தேதி. விடியக்காலம் வேன் வருதாம்."

மோர் புளித்திருந்தது. சாப்பிடவில்லை.

மே 7, புதன்

மனது சரியில்லாத நாளில் கேள்வி கேட்கப் போயிருக்கக் கூடாது.

"குஞ்சு பொரிக்கும்வரை முட்டையை அப்பா சுமக்கும் மீன் எது?" என் தாளில் எழுதியிருந்த விடை கடல்குதிரை. எமரன்சி அம்மாள் கையைத் தூக்கி, "கெளுத்தி" என்றார்.

தவறு என்றேன். வலப்பக்க அணி கடல்குதிரை என்றது. அவர்களுக்கு மார்க் போட்டேன்.

அவர் எழுந்து நின்றார். "சார், கடக்குதிரையும் சரிதான். நா அதச் சொல்லல. ஆம்பளக் கெளுத்தி முட்டய வாய்க்குள்ள அடக்கி வச்சிருக்கும். எர எடுக்காது. கொடலு வத்திப் போயிக் கெடக்கும். நா அறுத்துப் பாத்திருக்கேன், ஒரு நாளு ரெண்டு நாளு இல்ல, நாப்பது வருசம்."

"என்னிடம் உள்ள விடை கடல்குதிரை. அடுத்த கேள்வி."

அவர் சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டார். "ஒருதடவ தப்புன்னு போட்டுட்டா உங்களுக்குத் தப்புதான். அது எனக்குத் தெரியாத கத இல்ல." சொல்லிவிட்டு வெளியே போனார். வாசலில் செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கினார். நான் மீதி நாலு கேள்வியையும் கேட்டு முடித்தேன். ஒழுங்கு என்று ஒன்று இருக்கிறது.

மே 8, வியாழன்

பெரிய புத்தகத்தில் இல்லை. சின்னப் புத்தகம், பக்கம் 211, அடிக்குறிப்பு. கடல் கெளுத்தியில் ஆண் மீன் முட்டையை வாயில் வைத்துக் காக்கிறது. ஏறக்குறைய இரண்டு மாதம். அதுவரை இரை எடுப்பதில்லை.

அடிக்குறிப்பில் போடுகிற விஷயமா இது?

மே 12, திங்கள்

மீன் மார்க்கெட்டுக்குப் போனேன். எழுதும்போதே கை கூசுகிறது. அச்சில் இருப்பதை நம்பலாம்தான். ஆனால் கண்ணால் பார்க்க வேண்டும் என்று மூன்று நாளாகத் தூக்கம் இல்லை.

தடைக்காலம் என்றாலும் நாட்டுப்படகுகள் போய் வருகின்றன. தரை முழுக்க ஈரம். வேட்டியை முழங்காலுக்கு மேல் பிடித்துக்கொண்டேன். மூக்கைப் பொத்தக் கூடாது என்று வைராக்கியம். கெளுத்தி வைத்திருந்த ஒரு பெண்ணின் முன் நின்றேன்.

"எத்தன கிலோ அண்ணாச்சி?"

"கிலோ வேண்டாம். வாயைத் திறந்து காட்டினால் போதும்."

"என் வாயவா?" என்று கேட்டு அவள் சிரித்த சிரிப்பில் பக்கத்துக் கடைக்காரிகள் எல்லாம் திரும்பினார்கள். விஷயத்தைச் சொன்னேன். சிரிப்பதை நிறுத்திவிட்டுக் கூடையைக் கிளறினாள். ஒன்று, இரண்டு, ஏழாவதோ எட்டாவதோ மீனின் தாடையை விரலால் பிரித்து என் பக்கம் நீட்டினாள்.

உள்ளே முட்டைகள். மஞ்சளாக, கோலிக்குண்டு அளவில், பத்துப் பதினைந்து இருக்கும். இத்தனையையும் எப்படி அடக்கிக்கொண்டிருந்தது என்று தெரியவில்லை. வலையில் மாட்டியபோதும் துப்பவில்லை. குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தேன். அந்தப் பெண் என்னைப் பார்த்துவிட்டு, "வேர்த்திருக்கா அண்ணாச்சி? தண்ணி தரவா?" என்றாள். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தேன்.

வீட்டுக்கு வந்து குளித்துவிட்டுத்தான் உள்ளே போனேன். ஆவுடை எங்கே போனீர்கள் என்று கேட்கவில்லை. வெந்நீர் மட்டும் தயாராக இருந்தது.

மே 14, புதன்

எமரன்சி அம்மாள் வரவில்லை. நானும் எதுவும் சொல்லவில்லை. ஆள் இல்லாத இடத்தில் மார்க்கைத் திருத்தி யாருக்கு என்ன பயன் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். கூட்டம் பாதி. சிரிப்பே இல்லை.

மே 20, செவ்வாய்

ஆவுடை கோயிலிலிருந்து வந்தாள். இந்த வாரம் கேள்வி எதுவும் இல்லை.

"பிள்ளை ஒன்றும் கேட்கவில்லையா?"

"அது சாமான் கட்டுததுல மும்முரமா இருக்கு."

பையை வைத்துவிட்டு அடுக்களைக்குப் போனவள் திரும்பி வந்தாள். நாற்பத்திரண்டு வருடத்தில் அவள் என் முன்னால் இடுப்பில் கை வைத்து நின்றது இதுதான் முதல் தடவை.

"மீனு தூங்குதா முழிச்சிருக்கான்னு ராவும் பகலும் பொஸ்தகத்தப் பொரட்டுதிய. பெத்த மக இன்னும் ஒம்பது நாள்ல ஊரை விட்டே போறா. அவ எப்படி இருக்கான்னு ஒரு கேள்வி கேக்கத் தெரியலையே உங்களுக்கு!"

அவள் அடுப்பைப் பற்றவைத்தாள். அவள் போகிற கோயில் எது, அந்தப் பிள்ளை யார் வீட்டுப் பிள்ளை என்பதெல்லாம் எனக்குத் தெரியும் என்று அவளுக்குத் தெரிந்திருக்கிறது. எத்தனை மாதமாகவோ.

எனக்குப் பயமாக இருக்கிறது. போய் நின்று, அவள் கதவைச் சாத்திவிட்டால் என்ன செய்வது? சாத்துவதற்கு அவளுக்கு எல்லா நியாயமும் இருக்கிறது.

மே 21, புதன்

எமரன்சி அம்மாள் இன்றும் இல்லை. இருந்தாலும் இல்லாவிட்டாலும் செய்வது என்று வீட்டிலிருந்தே முடிவு செய்து போயிருந்தேன்.

முதல் கேள்விக்கு முன்னால் கரும்பலகைக்குப் போனேன். மே 7-ம் தேதி நான் சரியான விடையைத் தவறு என்று சொல்லிவிட்டேன், கெளுத்தி என்பதும் சரி, போன வாரம் திங்கள்கிழமை மார்க்கெட்டில் போய் நானே பார்த்தேன் என்று சொன்னேன். இடப்பக்க அணிக்கு ஒரு மதிப்பெண் கூட்டி எழுதினேன்.

வலப்பக்கத்தில் ஒருவர் எழுந்து, "ஆட்டம் முடிஞ்சி ரெண்டு வாரம் கழிச்சா மார்க்கு போடுவாக?" என்றார். இன்னொருவர், "நீங்க மார்க்கெட்டுக்குப் போனியளா? நம்பச் சொல்லுதியளா?" என்றார். ஒரே கூச்சல். அதிசயமணி என் பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்தினார். அவருடைய மூத்த மகன் என்னிடம் படித்தவன். அரை மார்க்கில் தவறியவன்.

"சார், நீங்களா திருத்துறிய?"

"ஆமாம் மணி. பழக்கம் இல்லை. கையெழுத்து கோணலாகப் போய்விட்டது."

மே 23, வெள்ளி

திரேஸ்புரம் பஸ்ஸில் ஏறினேன். நாலாவது நிறுத்தத்தில் இறங்கவில்லை. கடைசி நிறுத்தம் வரை போய் அதே பஸ்ஸில் திரும்பினேன்.

மே 25, ஞாயிறு

இறங்கினேன். தெரு வரை போனேன். ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து ஆட்கள் வந்துகொண்டிருந்தார்கள். திரும்பிவிட்டேன்.

மே 27, செவ்வாய்

ஆவுடை கிளம்பும்போது சொன்னாள். "நா இன்னைக்குக் கோயிலுக்குப் போகல. வடிவு வீட்டுக்குப் போறேன். வாறியளா?"

பதினோரு வருடம் கழித்து அந்தப் பெயர் இந்த வீட்டில் சத்தமாகக் கேட்டது. நாளைக்கு வருகிறேன், தனியாகப் போக வேண்டும் என்றேன். அவள் என்னை நம்பவில்லை. எனக்கும் அவ்வளவு நம்பிக்கை இல்லை.

மே 28, புதன்

போனேன்.

வாசல் முழுக்க அட்டைப்பெட்டி, பாய்ச்சுருள், தண்ணீர்க் குடம். கதவு திறந்துதான் கிடந்தது. எமரன்சி அம்மாள் பெட்டி மேல் உட்கார்ந்து பாத்திரத்தைத் தாளில் சுற்றிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்து எழுந்திருக்கவில்லை. முகத்தையும் திருப்பவில்லை.

"மார்க்கத் திருத்திட்டியளாமே. மணி அண்ணாச்சி சொன்னாரு."

"நீங்கள் சொன்னதுதான் சரி. எனக்குத்தான் தெரியவில்லை."

"அதச் சொல்லவா இவ்வளவு தூரம் வந்திய?"

"இல்லை."

அவர் உள்ளே திரும்பி, "வடிவு, ஆரு வந்திருக்கான்னு பாரு" என்று சொல்லிவிட்டு, கொஞ்சம் நகர்ந்து பெட்டியில் எனக்கு இடம் விட்டார். நான் உட்காரவில்லை.

வடிவு கையில் கயிறோடு வந்தாள். உடம்பு போட்டிருக்கிறாள். காதோரம் நரைத்திருக்கிறது. என் மகளுக்கு நரைத்திருக்கிறது, அது எந்த வருடம் என்று எனக்குத் தெரியாது.

"நான் செய்தது தப்பு, வடிவு" என்றேன்.

அவள் ஓடி வந்து கட்டிக்கொள்ளவில்லை. அழவும் இல்லை. குரல்தான் உடைந்திருந்தது.

"நாளைக்கு விடிஞ்சா வேன் வந்துரும். இன்னைக்கு வந்து நிக்கிய." கதவுக்குப் பின்னாலிருந்து ஒரு பெண் பிள்ளை எட்டிப் பார்த்தது. இரட்டைச் சடை, ஒரு சடையில் மட்டும் ரிப்பன். வடிவு அதைப் பிடித்து முன்னால் நிறுத்தினாள். "எல்லாருக்கும் கேள்வி கேக்கியளே, நா ஒண்ணு கேக்கேன். இவ பேரு என்ன?"

முப்பத்துநாலு வருடம் வகுப்பில் நின்றவன். தெரியாது என்று ஒரு நாளும் சொன்னதில்லை. தெரியாததை அடுத்த பாடத்துக்குத் தள்ளியிருக்கிறேன். இங்கே தள்ள இடம் இல்லை.

"தெரியாது" என்றேன்.

"தெரியாது. 'அந்த வீட்டுப் பேரு ஒண்ணும் என் காதுல விழக் கூடாது'ன்னு அம்மாட்ட சொல்லிட்டிய. அம்மாவும் சொல்லல. ஒம்பது வயசாகுது இவளுக்கு."

எமரன்சி அம்மாள் தாளைச் சுற்றுவதை நிறுத்தியிருந்தார். எங்கேயோ பக்கத்து வீட்டில் குக்கர் விசில் அடித்தது. வடிவு மூக்கை உறிஞ்சினாள், முழங்கையால் முகத்தைத் துடைத்தாள்.

"அவகிட்டயே கேளுங்க" என்றாள்.

தரையில் உட்கார்ந்தேன். அப்போதுதான் பிள்ளையின் உயரம் வந்தது. அவளைப் பார்த்துக் கேட்டேன்.

"உன் பேர் என்னம்மா?"

"ஜோவிட்டா. நாலாம் வகுப்பு முடிச்சிட்டேன்." பிறகு, தன் முறை வந்ததுபோல், "உங்க பேரு என்ன?" என்று கேட்டாள்.

அவளுக்கும் யாரும் சொல்லவில்லை.

"குற்றாலிங்கம்" என்றேன். "உன் தாத்தா."

அவள் அதைச் சத்தம் வராமல் ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டாள். வடிவு அட்டைப்பெட்டியைச் சுற்றிக் கயிற்றைப் போட்டாள். ஒரு நுனியை என் கையில் திணித்தாள்.

"இதப் புடிங்கப்பா. இறுக்கிக் கட்டணும். தூரம் போணும்."

பிடித்துக்கொண்டேன். ராத்திரி எட்டு மணி வரை பதினேழு பெட்டி கட்டினோம்.